பஸ் வரும் பக்கத்து மூலை

முன்னறையிலிருந்து ஒரு சிறுமியின் ஆங்கிலம் கேட்டது.

எங்கும் தடுக்காத, எண்ணெய் பூசியது போன்ற ஆங்கிலம். "டேக் த லெஃப்ட் கார்னர், மை டியர் ஃப்ரெண்ட்..." என்று அந்தக் குரல் கொஞ்சியது. அதற்குப் பின்னால் பியானோ ஒன்று மெல்லச் சிணுங்கியது.

அடுக்களையில் நின்றிருந்த லூர்துசெல்வி டீச்சரின் கை சர்க்கரை டப்பாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"ஏனுங்க டீச்சர், பாலு வழியுதுங்க" என்றாள் வெள்ளையம்மாள். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து தானே அடுப்பை அணைத்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தது அவள் மகள் கவிப்பிரியா. ஆறாம் வகுப்புக் குழந்தை. அந்தக் குரல் காதில் விழுந்ததும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டது.

முன்னறையில், வந்தவனின் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த படத்தில் வாயசைப்பது இந்தக் கவிப்பிரியாதான். குரல் மட்டும் அவளுடையது இல்லை.

லூர்துசெல்விக்கு வயிற்றைப் புரட்டியது. பொய்யைக் கண்டால் பிறருக்குக் கோபம் வரும். அவளுக்குக் குமட்டும். அவள் உடம்பு அப்படி.

வெள்ளையம்மாள் வந்திருந்தது மகளுக்கு டீ.சி. கேட்பதற்காக. பள்ளிக்கூடத்தில் கேட்கத் தயங்கி, சனிக்கிழமை பார்த்து டீச்சரின் வீட்டுக்கே மகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஊட்டுல கூட வாயத் தொறக்க மாட்டேங்கறாளுங்க. சேலத்துல இருந்து வந்த அன்னிக்கி ராத்திரி ஒரே ஒரு வார்த்த கேட்டா. 'என்ற கொரலு அசிங்கமாவா இருக்குதும்மா?'ன்னு. அதோட சரி, பேச்சே நின்னு போச்சு. பள்ளிக்கொடத்துப் பேரச் சொன்னா ஓடிப்போயி ஆட்டுப்பட்டிக்குள்ள உக்காந்துக்கறா. எதுக்குங்க புள்ளைய வதைக்கோணும்? டீ.சி.யக் குடுத்துருங்க. ஆட்டப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்."

அதற்கு டீச்சர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சேலத்து அறக்கட்டளை ஆள் ராஜ்குமார் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்தான். வந்தவனுக்குக் காபி கொடுக்காமல் அனுப்ப அவளுக்குத் தெரியாது. கெட்டவனுக்கும் பால் காய்ச்சும் வீடு அது.

லூர்துசெல்வி யார் என்று சொன்னால்தான் அந்தக் குமட்டலின் ஆழம் புரியும்.

சேர்வராயன் மலையில், நாகலூருக்கு அந்தப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவள் அவள். அப்பா எஸ்டேட் ஜீப் ஓட்டினார். அம்மா காபிப் பழம் பறித்தாள். மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே, சட்டி வைத்த இடம் போக மீதியிடத்தில் உட்கார்ந்து படித்து, மிஷன் பள்ளியில் தேறி, சேலத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து, படித்த பள்ளிக்கே டீச்சராகத் திரும்பி வந்தாள். அப்பா அன்று ஜீப்புக்கு மாலை போட்டார்.

வேலைக்கு வந்த புதிதில் கான்வென்ட்டுக்கு ஜப்பானிலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். சிஸ்டர் சுமிகோ. உடம்பு தேற மலைக்காற்று வேண்டும் என்று அனுப்பப்பட்டவர். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க லூர்துசெல்வியை அனுப்பினார்கள். சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலமும் ஏறக்குறைய தெரியாது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சிஸ்டர் ஒரு சதுரக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். மடித்தார். மடிப்பு மேலே கூரை மாதிரி எழுந்து நின்றபோது "யாமா" என்று சொல்லி ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலையைக் காட்டினார். மடிப்பு கீழே இறங்கியபோது "தானி" என்று சொல்லி மலைக்குக் கீழே கையைக் காட்டினார். லூர்துசெல்வி மலை என்றாள், பள்ளம் என்றாள். அதுதான் முதல் பாடம்.

ஒருநாள் சாயங்காலம் மழையில் கரண்ட் போனது. பாதி மடித்த காகிதம் லூர்துசெல்வியின் கையில். சிஸ்டர் நிறுத்தவில்லை. இருட்டிலிருந்து அந்த மெல்லிய குரல், அரைகுறைத் தமிழில், "மலை... இப்போ பள்ளம்... மூலை, மூலைமேலே" என்று வந்துகொண்டே இருந்தது. இவள் விரல்கள் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு நடந்தன. மெழுகுவர்த்தி வந்தபோது அவள் கையில் ஒரு காகிதக் குவளை இருந்தது! சிஸ்டர் அதில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. சிரிப்பும் அழுகையுமாக அதைக் குடித்தாள் லூர்துசெல்வி. வெறும் சொல்லை நம்பி ஒரு குவளை செய்யலாம் என்றால், மொழி என்பது அதுதானே?

சிஸ்டர் ஊர் திரும்பினார். லூர்துசெல்விக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஆண்டனி ராஜ் வளைகுடாவுக்குப் போனான். ஞாயிறு தவறாமல் போன் வரும். "செல்வி, உன் முகம் பாக்காம சோறு எறங்கல" என்பான். தேன் ஒழுகும் அந்தக் குரலுக்காக அவள் பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவருவாள். எட்டு வருடம் ஓடினாள். அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்த வீட்டிலேயே இன்னொருத்தி இருந்தாள், ஒரு பிள்ளையும் இருந்தது என்று பிறகு தெரிந்தது. அன்று அவள் அழவில்லை. கொல்லைப்புறம் போய் வாந்தியெடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். ஆள் ஒரு இடம், குரல் ஒரு இடம் என்றால் அன்றிலிருந்து அவளுக்கு ஆகாது.

அவன் ஒருமுறை எல்லாம் இழந்து திரும்பி வந்து இதே முன்னறையில் அழுதபோதும் அவள் கதவைச் சாத்தவில்லை. காபி கொடுத்தாள். அவனாக எழுந்து போனான்.

அதற்குப் பிறகு அவளுக்கு வகுப்பறைதான் வாழ்க்கை. ஆங்கிலம் என்றாலே பிள்ளைகள் கோரஸ் பாடும் பள்ளி அது. டீச்சர் சொல்வாள், எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள், ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. ஒருநாள் பழைய குவளை ஞாபகம் வந்தது. இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு ஒட்ட உட்காரவைத்தாள். ஆளுக்கு ஒரு காகிதம். ஒருவர் மடித்துக்கொண்டே சொல்ல வேண்டும். மற்றவர் கேட்டு மடிக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. கையைக் காட்டக் கூடாது. முடிந்ததும் இரண்டு குவளையிலும் தண்ணீர் ஊற்றுவாள். நின்றால் பாஸ். ஒழுகினால் சொன்னவரும் கேட்டவரும் நனைவார்கள். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். ஒழுகக் கூடாது என்பதற்காகவே பிள்ளைகள் சொல்லைத் தேடித் தேடிப் பிடித்தார்கள்; முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்.

மேலே எழும் மடிப்புக்குச் சேர்வராயன் என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். கீழே இறங்குவது அடிவாரம்.

"மிஷன் ஸ்கூல்ல சேர்வராயன் சாமி பேர்ல மடிப்பாங்க டீச்சர்? ஃபாதர் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்று தலையைச் சொறிந்தார் தலைமையாசிரியர் கிறிஸ்துதாஸ்.

"ஃபாதர் ஊடே அந்த மலை மேலதானுங்க சார் இருக்குது" என்றாள் லூர்துசெல்வி. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒரே ஒரு தொல்லைதான் தீரவில்லை. இடது, வலது. முதுகோடு முதுகு உட்கார்ந்ததும் "உன்ற எடதா, என்ற எடதா?" என்று சண்டை வரும். பல குவளைகள் அதில் ஒழுகின. அப்போதுதான் கவிப்பிரியா வாய் திறந்தது.

தினை, சாமை விதைக்கிற மலைக்கார விவசாயக் குடும்பம் அவளுடையது. வகுப்புக்கு வந்த நாளிலிருந்து ஒரு சொல் பேசியதில்லை. பேர் கேட்டால்கூட நோட்டு அட்டையைக் காட்டும். சின்னராஜ் என்ற பையனோடு முதுகு சாய்த்து உட்காரவைத்தாள் டீச்சர். அவன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்துக் காத்துப் பார்த்தான். "ஏ புள்ள, நான் தூங்கட்டுமா?" என்றான் அவன். பிறகு எங்கிருந்தோ, தொண்டை கட்டியது போல் கரகரத்த ஒரு குரல் வந்தது.

"பஸ்ஸு வர்ற பக்கத்து மூலைய எடு. சர்ச்சுப் பக்கத்து மூலை மேல வையி."

சின்னராஜ் வைத்தான். சரியாக வந்தது! ஏன் வராது? யார் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் பஸ் அதே பக்கம்தான் வரும். சர்ச் எழுந்து நடக்காது. கவிப்பிரியாவின் வீட்டில் பேச்சே அப்படி. மேற்காலே இருக்கிற சொம்பை எடு, காட்டுப் பக்கம் தள்ளிப் படு என்பார்கள். இடது வலது என்று அங்கே யாரும் பேசுவதில்லை. அந்தக் குழந்தை வீட்டுப் பேச்சைத்தான் வகுப்புக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து வகுப்பில் காகிதத்தின் நாலு மூலைக்கும் பெயர் கிடைத்தது. பஸ், சர்ச், காபிக்காடு, தண்ணித்தொட்டி. கொஞ்ச நாளில் அது ஆங்கிலமாகவும் மாறியது. "டேக் த பஸ் சைட் கார்னர். புட் இட் ஆன் த சர்ச் சைட் கார்னர். மேக் எ வேலி." அடிவாரத்துக்கு ஆங்கிலத்தில் வேலி. கரகரத்த குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவளுடைய சொந்தச் சொல். அன்று லூர்துசெல்வி ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நல்ல அழுகை.

அந்த நல்லதின் மேல்தான் ராஜ்குமார் வந்து விழுந்தான்.

சேலத்தில் ஓர் அறக்கட்டளை. அதில் அவனுக்கு என்ன பதவி என்று அவன் சொல்லும்போதெல்லாம் மாறும். வெள்ளைச் சட்டை, காரமான சென்ட். ஒருநாள் வகுப்பைப் பார்த்தான். குவளையில் தண்ணீர் நின்றதைப் பார்க்கவில்லை. கைபேசித் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "சூப்பர் கான்செப்ட் மேடம். ஆனா கப் வேண்டாம். ஜப்பான்னா கொக்குதான் மேடம். கொக்குதான் போட்டோல நிக்கும்" என்றான். தலைமையாசிரியர் தலையாட்டினார். சேலத்தில் பெரிய விழா, பெரிய மனிதர்கள், மலைப் பள்ளிக்கு நல்ல பெயர் என்றார்கள். பிள்ளைகள் நாலு பேர் முன்னால் பேசட்டுமே என்ற ஆசையில் லூர்துசெல்வியும் சம்மதித்தாள்.

விழா நாளன்று வேன் மலையிறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். கவிப்பிரியா அடிவாரம் வரும்வரை எடுத்தாள். அரங்கின் பின்னறையில் அந்த முகத்தைக்கூடச் சரியாகக் கழுவவிடாமல், ராஜ்குமார் அழைத்து வந்திருந்த ஒப்பனைக்காரி வெள்ளைப் பவுடரை அப்பினாள். ஜன்னல் திரைத் துணியில் தைத்த பளபளக்கும் அங்கியை மாட்டினாள். பிறகு கண்மைப் பென்சிலால் இரண்டு கண்ணையும் காது வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"இது எதுக்குங்க?" என்றாள் லூர்துசெல்வி.

"ஜப்பான் லுக் மேடம்."

சிஸ்டர் சுமிகோவின் முகம் அவள் நினைவுக்கு வந்தது. சுருக்கம் விழுந்த, பவுடர் படாத, அமைதியான முகம். அந்த முகத்துக்கா இந்தக் கேலி! வாந்தி நாற்றமும் பவுடர் வாசமும் சென்ட்டும் கலந்து அந்த அறையே அழுகிய பழம்போல் மணத்தது. பென்சிலைப் பிடுங்கப் போனாள். "பார்வையாளர் இடத்துல போய் உக்காருங்க மேடம், டைம் ஆச்சு" என்று அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள்.

மேடையில் கவிப்பிரியாவும் சின்னராஜும் முதுகோடு முதுகு. நாலு பக்கமும் கறுப்புத் திரை. ஜன்னல் இல்லாத குளிர் அரங்கு. கவிப்பிரியா காகிதத்தை எடுத்தாள். வாயைத் திறந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு சொல் வரவில்லை. கூட்டத்தில் யாரோ "பாவம், பயந்துருச்சு" என்று சிரித்தார்கள். ராஜ்குமார் ஓரத்திலிருந்து கையைச் சுண்டினான். உடனே ஒலிபெருக்கியில் அந்த வழவழ குரல் பொங்கியது. "டேக் த லெஃப்ட் கார்னர், மை டியர் ஃப்ரெண்ட்..."

முன்பே பதிவு செய்து வைத்திருந்தான்! யாரோ ஒரு பட்டணத்துச் சிறுமியின் குரல். குழந்தை தடுமாறும் என்று எதிர்பார்த்து, அல்ல, குழந்தையின் குரலே வேண்டாம் என்று முடிவு கட்டி. "வாய அசை, வாய மட்டும் அசை" என்று அவன் ஓரத்திலிருந்து கிசுகிசுத்தான். வெள்ளைப் பவுடர் முகம், நூல் கட்டிய பொம்மைபோல் வாயை அசைத்தது. கண்ணீர் கண்மையைக் கரைத்துக்கொண்டு பவுடரில் கறுப்பாக ஓடியது. சின்னராஜ் ஒன்றையும் மடிக்கவில்லை. தன் அங்கியின் கைக்குள் முன்பே வைத்து அனுப்பியிருந்த, யாரோ மடித்த கொக்கை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினான்.

கைதட்டல்! எழுந்து நின்று கைதட்டினார்கள். லூர்துசெல்வி "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே நடைபாதையில் ஓடினாள். சந்தோஷத்தில் ஓடுகிறாள் என்று நினைத்து வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பெரிய மனிதர் அவளுக்குப் பூங்கொத்துக் கொடுத்தார். அதை அவள் வாங்கி, பக்கத்திலிருந்த குப்பைக் கூடையில் போட்டாள்.

அந்த விழாவின் படம்தான் இப்போது முன்னறையில் ஓடிக்கொண்டிருந்தது.

லூர்துசெல்வி காபியைக் கொண்டுபோய் வைத்தாள். ராஜ்குமார் கைபேசியைத் திருப்பி அவளிடம் காட்டினான்.

"பாத்தீங்களா மேடம், எடிட்டிங்ல அழுகையெல்லாம் எடுத்தாச்சு. ஃபேஸ் ப்ரைட் பண்ணியாச்சு. வெளிநாட்டுல இருந்து பாக்கறாங்க. ஒரே ஒரு பைட் உங்ககிட்ட வேணும். 'இந்தக் குழந்தை என் மாணவி, இது அவள் குரல்'னு. பத்து செகண்ட்."

"இது அவ கொரல் இல்லீங்களே."

"அது நமக்குத் தெரியும் மேடம்" என்று அவன் சிரித்தான். "பாக்கறவங்களுக்கு எதுக்கு? இதே ஆடியோவத்தான் மலையில எல்லா ஸ்கூலுக்கும் குடுக்கப் போறோம். பசங்க கேட்டுக்கிட்டே மடிப்பாங்க. யாரும் பேசவே வேண்டாம். நீட்டா இருக்கும்."

"யாரும் பேசவே வேண்டாம்" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

"ஆமா மேடம். அந்தப் பொண்ணு வாய்ஸ நீங்களே கேட்டிருப்பீங்க. தகரத்துல ஆணி இழுக்கற மாதிரி. யார் மேடம் கேப்பாங்க? இங்கிலீஷும் இல்ல. பஸ் சைடாம், சர்ச் சைடாம்! நல்லவேளை மேடையில வாயத் தொறக்கல."

அடுக்களை வாசலுக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு துணித் திரைதான். லூர்துசெல்வி திரும்பி உள்ளே ஓடினாள். வெள்ளையம்மாள் மகளை மார்போடு அணைத்திருந்தாள். அவள் முகத்தில் அவமானம் ஊறியிருந்தது. "கேட்டீங்களா டீச்சர்... நாங்க போயிட்டு வாரோமுங்க. டீ.சி.ய மறுவடி வந்து வாங்கிக்கறேனுங்க."

லூர்துசெல்வி தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் எதிரே உட்காரவில்லை. வகுப்பில் செய்வதுபோல் அவள் முதுகில் தன் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். அந்தச் சின்ன முதுகெலும்பு சேலைக்கு மேலே உறுத்தியது.

"கண்ணு, அன்னிக்கி மேடையில பயந்துட்டியா சாமி? டீச்சர்கிட்ட மட்டும் சொல்லு. டீச்சர் திரும்பிப் பாக்க மாட்டேன்."

அடுப்பில் வழிந்த பால் கருகி மணத்தது. திரைக்கு வெளியே ராஜ்குமார் காபியை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, நாள்கணக்காகப் பேசாத தொண்டையிலிருந்து, கரகரவென்று வந்தது.

"பயமில்லீங்க டீச்சர்."

வெள்ளையம்மாளின் கை தன்னையறியாமல் வாய்மேல் போனது.

"அங்க... பஸ்ஸு எந்தப் பக்கம் வருமுன்னு தெரியலீங்க. சர்ச்சும் தெரியல. சுத்தியும் கறுப்பாத் துணி கட்டியிருந்தாங்க. யாரையாச்சும் கேக்கலாமுன்னு பாத்தேன். அதுக்குள்ள அந்தக் கொரலு வந்துருச்சு."

கடவுளே! இவ்வளவுதானா? அங்கிருந்த பெரிய மனிதர்களும், விழா நடத்தியவர்களும், ஏன், லூர்துசெல்வியே யோசிக்காத ஒன்று. திசையில்லாத ஒரு பெட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, குழந்தை வழி கேட்பதற்குள் அதன் வாயைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் ஊமை ஆகவில்லை. கேள்வி கேட்க இருந்தாள். அந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷம் விடவில்லை பாவிகள்!

"தப்பு டீச்சர் பேர்லதான் கண்ணு" என்றாள் லூர்துசெல்வி. "முன்னாடியே ஒன்னையக் கூட்டிட்டுப் போயி, இந்தப் பக்கம் பஸ்ஸு, இந்தப் பக்கம் சர்ச்சுன்னு காட்டியிருக்கோணும். உன்ற கொரலுக்கு ஒரு கொறையும் இல்ல. அந்தக் கொரலக் கேட்டுத்தான் சின்னராஜ் குவளை செஞ்சான். தண்ணி ஒழுகுச்சா?"

முதுகுக்குப் பின்னால் தலை இல்லையென்று அசைவது தெரிந்தது.

திரை விலகியது. ராஜ்குமார் காலி டம்ளரோடு நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவன் முகத்தில் வெட்கம் ஒரு துளி இல்லை. "அட, இதான் மேட்டரா? லெஃப்ட் ரைட் சொல்லிக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும் மேடம். சரி, அந்த பைட்ட எடுத்துரலாமா? வெளிச்சம் போகுது."

லூர்துசெல்வி எழுந்தாள். அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மற்ற பாத்திரத்தோடு சேர்க்காமல் தனியே தள்ளி வைத்தாள். அவள் வாழ்நாளில் யார் குடித்த டம்ளரையும் அப்படி வைத்ததில்லை.

"எடுக்க முடியாதுங்க. அது இவ கொரல் இல்லன்னு யாரு கேட்டாலும் சொல்லுவேன். ஹெச்.எம். கேட்டாலும் சொல்லுவேன். நீங்க கெளம்புங்க."

"நல்லா யோசிங்க மேடம். ஸ்கூலுக்குத்தான் நஷ்டம்."

"கெளம்புங்க."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. நின்றிருந்த கார் பாதிதான் தெரிந்தது. கைபேசியை உயர்த்திப் பிடித்து ஆட்டினான். சிக்னல் இல்லை.

"மேடம், சேலம் ரோட்டுல வண்டி நெரிசல்னாங்க. குப்பனூர் வழியா எறங்கணும். லெஃப்ட்ல போகணுமா, ரைட்லயா?"

வாயைத் திறந்தால் லூர்துசெல்விக்கு வாந்தி வந்துவிடும்போல் இருந்தது. அந்தச் சென்ட், அந்தச் சிரிப்பு, வெட்கமே இல்லாமல் இந்த வீட்டிலேயே வழி கேட்கும் அந்த வாய்!

அப்போது பனிக்குள்ளிருந்து சர்ச் மணி அடித்தது. மாலைச் செபத்தின் மணி.

கவிப்பிரியா அடுக்களையிலிருந்து வந்திருந்தாள். வாசலைப் பார்க்காமல், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடு அறையில் நின்றாள். மணிச்சத்தம் வந்த பக்கம் கையை நீட்டினாள்.

"தட் பெல் ஈஸ் சர்ச்" என்றாள். தகரத்தில் ஆணி இழுப்பது போன்ற குரல்தான். அறை முழுக்க நிறைந்தது. "கோ டு த சர்ச் சைட். டோன்ட் கோ டு த பஸ் சைட். கோ ஸ்லோ. தென் வேலி. வேலி. வேலி."

வெள்ளையம்மாள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதாள். "ஏனுங்க டீச்சர், என்ற புள்ள என்னமோ சொல்லுதுங்களே! என்னங்க சொல்லுது?"

"வழி சொல்றா வெள்ளையம்மா. இங்கிலீஷ்ல வழி சொல்றா."

"திங்கக்கெழம மொத பஸ்ஸுக்கே அனுப்பி உடறேனுங்க. டீ.சி.யும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாமுங்க."

ராஜ்குமார் காருக்குப் போகவில்லை. வாசற்படியிலேயே திரும்பி நின்றிருந்தான். அவன் கண்கள் பளபளத்தன. கைபேசி அவன் முகத்துக்கு நேரே ஏறியது.

"சூப்பர்! சூப்பர் பாப்பா! நேச்சுரல்! ஒரே ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பி, சிரிச்சுக்கிட்டே..."

பாதி சொல்லிக்கொண்டிருந்தபோதே அவன் காலணி ஒன்று மறுபடியும் நிலைப்படிக்கு உள்ளே வந்தது.

ஆண்டனி ராஜுக்குக்கூடச் சாத்தாத கதவு அது. லூர்துசெல்வி கதவின் மேல் கையை வைத்தாள். அவன் காலை எடுக்கும்வரை பொறுத்தாள். எடுத்ததும் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.